யார் கையில் பந்து

அறுப்பு முடிந்து கழனி காய்ந்ததும் புதுச்சேரியின் பாகூர் கொம்யூன் ஊர்களில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் தொடங்கிவிடும். சேலியமேடு, குருவிநத்தம், கிருமாம்பாக்கம், அரங்கனூர் என்று ஊருக்கு இரண்டு மூன்று அணிகள். பொங்கலை ஒட்டியும் கோடை விடுமுறையிலும் கோப்பையும் ரொக்கப் பரிசும் வைத்துப் போட்டி நடத்துவார்கள். ஆட்டம் நடந்த நேரத்தைவிட, முடிந்தபின் திடலோரத்தில் நடக்கும் பேச்சுதான் நீளமானது. அது பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வரும்: கடைசி ஓவரை யாருக்குக் கொடுத்திருக்க வேண்டும்?

ஏறக்குறைய எல்லா அணியிலும் இதற்கென்று இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவன் விக்கெட் எடுப்பான், அடியும் வாங்குவான். இன்னொருவன் ரன் கொடுக்கமாட்டான், அவனுக்கு விக்கெட் அதிகம் விழாது. பேச்சு பந்துவீச்சில் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் குணத்துக்குப் போய்விடும். "அவன் விக்கெட் எடுப்பான்டா, ஆனா நம்பிக் குடுக்க முடியாது, தன் பேருக்குத்தான் ஆடுவான்." "இவன் டீமுக்காகப் போடுறவன், ஆனா தைரியம் பத்தாது." இரண்டு பையன்களுக்கும் பதினாறு, பதினேழு வயதுதான் இருக்கும். அந்த மாலையில் சொல்லப்பட்ட சொல் அவர்கள் ஆட்டத்தை விட்ட பிறகும் அவர்களோடு இருக்கும். முப்பத்தைந்து வயதில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருக்கும் ஒருவரைக் காட்டி, "நல்லாப் போடுவார், ஆனா பயந்த சுபாவம்" என்று இன்றும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஒரு மனிதனின் குணத்தைப் பற்றிய தீர்ப்பு அவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. அந்தத் தீர்ப்பு எப்படி உருவாகிறது என்று பார்க்க, ஊர்த் திடலைவிடப் பெரிய ஓர் உதாரணம் வேண்டும். நம் பக்கத்திலேயே அது இருக்கிறது.

எஸ். வெங்கட்ராகவன், சென்னைக்காரர். ஏராபள்ளி பிரசன்னா, மைசூர் மாநிலத்துக்காரர். இருவரும் ஆஃப் ஸ்பின்னர்கள். இருவரும் பொறியியல் படித்தவர்கள்; ஒருவர் கிண்டியில், மற்றவர் மைசூரில். முதல் டெஸ்ட்டை இருவரும் ஆடியது ஒரே இடத்தில், சென்னை மாநகராட்சி ஸ்டேடியத்தில். பிரசன்னா 1962 ஜனவரியில் இங்கிலாந்துக்கு எதிராக, வெங்கட் 1965 பிப்ரவரியில் நியூசிலாந்துக்கு எதிராக. பிரசன்னா அறிமுகமானதுமே மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்வந்தார். பிறகு படிப்பை முடிப்பதற்காக ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் டெஸ்ட் கிரிக்கெட்டை விட்டு விலகி இருந்தார். அவர் இல்லாத காலத்தில் வெங்கட் வந்தார். அவர் திரும்பி வந்தபோது ஒரு வேலைக்கு இரண்டு பேர் இருந்தார்கள்.

அந்த இந்திய அணியில் பேடியும் சந்திரசேகரும் இருந்தார்கள். நால்வரையும் சேர்த்துச் 'சுழல் நால்வர்' என்று இன்றும் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் நால்வரும் ஒன்றாக ஆடியது ஒரே ஒரு டெஸ்ட், 1967இல் பர்மிங்காமில். மற்றபடி பெரும்பாலும் மூவருக்குத்தான் இடம். அந்த மூன்றாவது இடத்துக்கு, பிரசன்னாவா வெங்கட்டா என்ற கேள்வி பத்து ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. பட்டோடி தலைவராக இருந்தால் பிரசன்னா. வடேகர் தலைவராக இருந்தால் வெங்கட். இது அன்று எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் பக்கம் விட்டுப்போன ஆட்டம் பெத்தாங். கிரிக்கெட் எங்களுக்குச் சென்னையிலிருந்து, வானொலி வழியாக வந்தது. ஆகவே சென்னையின் பக்கம்தான் நாங்களும் நின்றோம். 1971 எங்கள் வீடுகளில் பெரிய ஆண்டு. வடேகர் தலைமையில் மேற்கிந்தியத் தீவுகளில் முதல் முறையாக டெஸ்ட்டும் தொடரும் வென்றோம். வெங்கட் துணைத் தலைவர். அந்தத் தொடரில் 22 விக்கெட். இந்தியப் பந்துவீச்சாளர்களில் அவருக்குத்தான் அதிகம். அதே ஆண்டு கோடையில் இங்கிலாந்திலும் வென்றோம். மூன்று டெஸ்ட்டிலும் வெங்கட் ஆடினார். சந்திரசேகருக்கு நிகராக 13 விக்கெட் எடுத்தார். ஓவல் டெஸ்ட்டில் சந்திரசேகர் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்ததைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. அந்த இன்னிங்ஸில் லக்ஹர்ஸ்ட்டைப் பிடித்தது வெங்கட்டின் கை. ஆலன் நாட்டை சோல்கர் விழுந்து பிடித்தாரே, அந்தப் பந்தை வீசியதும் வெங்கட்.

அந்த மூன்று டெஸ்ட்டிலும் பிரசன்னா வெளியே உட்கார்ந்திருந்தார். அன்று உலகின் சிறந்த ஆஃப் ஸ்பின்னர் யார் என்று கேட்டால் கிரிக்கெட் தெரிந்த பலர் அவர் பெயரைச் சொல்லியிருப்பார்கள். ஆஸ்திரேலியாவில் 1967-68 தொடரின் நான்கு டெஸ்ட்டில் 25 விக்கெட், அங்கிருந்து நேராக நியூசிலாந்து போய் நான்கு டெஸ்ட்டில் 24 விக்கெட் எடுத்தவர். 20 டெஸ்ட்டில் 100 விக்கெட்டைத் தொட்டவர். மேற்கிந்தியத் தீவுகளில் வென்ற அந்த போர்ட் ஆஃப் ஸ்பெயின் டெஸ்ட்டிலேயே முதல் இன்னிங்ஸில் 54 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்தார். இரண்டாவது இன்னிங்ஸில் வெங்கட் 95க்கு 5. அந்த வெற்றியில் இருவருக்கும் பங்கு உண்டு. ஆனால் இங்கிலாந்தில் ஒருவருக்குத்தான் இடம் இருந்தது.

ஏன் வெங்கட் என்பதற்கு அன்று சொன்ன காரணங்கள்: நன்றாக பீல்டிங் செய்வார், பேட்டிங் தெரியும், ரன் கொடுக்கமாட்டார். ஏன் பிரசன்னா என்பதற்குச் சொன்ன காரணம்: அவர் கலைஞர், பந்தைக் காற்றில் தொங்கவிட்டு ஆட்டக்காரரை ஏமாற்றுவார், ரன் போனாலும் விக்கெட் எடுப்பார். ஒருவர் கணக்குப் பார்ப்பவர், மற்றவர் துணிந்தவர். எங்கள் திடலோரத்தில் பேசுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இருவரும் ஓய்வு பெற்று நெடுங்காலம் ஆகிவிட்டது. கணக்கு முழுமையாக முன்னால் இருக்கிறது. பிரசன்னா 49 டெஸ்ட், 189 விக்கெட், ஒரு விக்கெட்டுக்குச் சராசரி 30.38 ரன். வெங்கட் 57 டெஸ்ட், 156 விக்கெட், சராசரி 36.11. இனி அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். வெங்கட் பேட்டிங் தெரிந்தவர் என்றார்கள்: அவருடைய டெஸ்ட் சராசரி 11.68, பிரசன்னாவுக்கு 11.48. வெங்கட் ஒருமுறை சென்னையில் 64 அடித்தார், பிரசன்னா ஐம்பதைத் தொட்டதில்லை என்பது உண்மை. ஆனால் ஒரு டெஸ்ட் வாழ்க்கை முழுவதையும் கூட்டிப் பார்த்தால் இருவருக்கும் இடையே கால் ரன்கூட வித்தியாசம் இல்லை. வெங்கட் சிக்கனம், பிரசன்னா தாராளம் என்றார்கள்: வெங்கட் ஓர் ஓவருக்குக் கொடுத்தது 2.27 ரன், பிரசன்னா 2.40. நூறு ஓவர் வீசினால் 13 ரன் வித்தியாசம். இந்தப் 13 ரன்னின் மேல்தான் ஒருவர் கணக்கர், மற்றவர் கலைஞர் என்ற இரண்டு முழு மனிதர்களைக் கட்டி எழுப்பினோம்.

உண்மையான வித்தியாசம் இரண்டு இடங்களில் இருக்கிறது. பிரசன்னா சராசரியாக 76 பந்துக்கு ஒரு விக்கெட் எடுத்தார். வெங்கட்டுக்கு 95 பந்து தேவைப்பட்டது. அது பிரசன்னாவின் பக்கம். வெங்கட் 44 கேட்ச் பிடித்தார், பிரசன்னா 18. மூன்று ஸ்பின்னர்களை நம்பி ஆடும் அணியில், மட்டைக்குப் பக்கத்தில் நின்று பிடிக்கும் கேட்ச் என்பது விக்கெட்டுக்குச் சமம். அது வெங்கட்டின் பக்கம். ஆனால் கேட்ச் பிடித்தவர் பெயர் ஸ்கோர் அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும். ஆட்டம் முடிந்ததும் மறந்துபோகும். ஊர்ப் போட்டிகளில் ஸ்கோர் எழுதியிருக்கிறேன். ரூல் போட்ட நோட்டில் விக்கெட்டுக்கு ஒரு பத்தி உண்டு, ரன்னுக்கு ஒரு பத்தி உண்டு. பிடித்தவன் பெயரை எழுத இடமே இருக்காது. எது எழுதப்படுகிறதோ அதிலிருந்துதான் பிற்பாடு குணம் பேசப்படுகிறது.

இந்த எண்களும் தனியாக நின்று எதையும் சொல்லிவிடுவதில்லை. வடேகரின் அணியில் சந்திரசேகர் இருந்தார். ஒரே ஓவரில் ஆடவே முடியாத பந்தும் எல்லைக்குப் போகும் பந்தும் அவரிடமிருந்து வரும். அவர் ஒரு முனையில் வீசும்போது மறுமுனையை அடைத்துவைக்க ஒருவர் வேண்டும். அந்த வேலைக்கு வெங்கட் கிடைத்தார், அவர் செய்தார். பட்டோடிக்கு வேறு தேவை. வேகப்பந்துவீச்சாளர் என்று சொல்லிக்கொள்ள யாருமில்லாத அணி அவருடையது. இருபது விக்கெட்டையும் ஸ்பின்னர்களே எடுத்தாக வேண்டும். ஆகவே தொங்கவிட்டு, அடிக்கவிட்டு, எடுப்பவரை விரும்பினார். இரண்டு தலைவர்களும் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்றே எனக்குப் படுகிறது. அணிக்கு ஒருவனின் மதிப்பு என்பது அவனுக்குள் மட்டும் இருப்பதல்ல. கூட ஆடும் மற்றப் பத்துப் பேர் யார் என்பதிலும் இருக்கிறது. நாம் அதை மறந்துவிட்டு, அவனுக்கு ஒதுக்கப்பட்ட வேலையை அவனுடைய இயல்பு என்று எழுதிவைத்தோம்.

அணிக்காக ஒதுங்கி வேலை செய்தவருக்கு அணி என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1974 டிசம்பரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான தில்லி டெஸ்ட்டில் பட்டோடிக்குக் காயம். வெங்கட் இந்தியாவின் தலைவர் ஆனார். அடுத்த டெஸ்ட்டுக்குப் பட்டோடி திரும்பினார். வெங்கட்டுக்குப் பதினொருவரில் இடமே இல்லை. ஒரு டெஸ்ட்டில் தலைவர், அடுத்த டெஸ்ட்டில் வெளியே. ஜனவரியில் சேப்பாக்கத்தில், அவருடைய சொந்த ஊரில் நடந்த டெஸ்ட்டிலும் அவர் ஆடவில்லை. அதில் பிரசன்னா 70க்கு 5, 41க்கு 4 என்று ஒன்பது விக்கெட் எடுத்து இந்தியாவை ஜெயிக்கவைத்தார். சென்னை கூட்டம் பிரசன்னாவைக் கொண்டாடியது. அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அதைக் குறையாகச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நல்ல பந்துவீச்சை யார் வீசினாலும் கொண்டாடத் தெரிந்த ஊர் அது. ஆனால் ஒதுங்கிக் கொடுத்தவரின் கணக்கில் அந்த ஒதுங்கல் எங்கும் வரவாகவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. 1979இல் மறுபடி தலைவராக இங்கிலாந்து போனார். ஓவலில் 438 ரன் இலக்கை நோக்கிப் போய், காவஸ்கரின் 221 ரன்னுடன், 429க்கு 8 என்று கடைசி டெஸ்ட் டிராவில் முடிந்த தொடர் அது. ஊர் திரும்பும் விமானத்திலேயே தலைவர் பதவி கைமாறிவிட்ட செய்தி வந்து சேர்ந்தது.

வெங்கட்டைப் பற்றி இன்னொரு பேச்சும் உண்டு: சிடுசிடுப்பானவர், கேட்ச் விட்டவனைத் திடலிலேயே திட்டுவார் என்று. பின்னாளில் அவர் நடுவரானார். 73 டெஸ்ட்டில் நின்றார். உலகின் மிக நம்பகமான நடுவர்களில் ஒருவர் என்று பேர் வாங்கினார். நிதானம், பாரபட்சமின்மை, அசையாத முகம் என்று பாராட்டினார்கள். அதே மனிதர்தான். தலைவராக இருந்தபோது கோபம் என்று சொல்லப்பட்டதும் நடுவராக இருந்தபோது கண்டிப்பு என்று சொல்லப்பட்டதும் ஒரே பண்பின் இரண்டு முகங்களாக இருக்கக்கூடும். நிற்கும் இடம் மாறியதும் பேர் மாறிவிட்டது.

1971க்குச் சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 2021இல், இந்தியா மறுபடி இங்கிலாந்துக்குப் போனது. இந்த முறை வெளியே உட்கார்ந்தவர் நம்முடைய அஸ்வின். ஆகஸ்ட், செப்டம்பரில் நடந்த நான்கு டெஸ்ட்டில் ஒன்றில்கூட அவர் ஆடவில்லை. ஜடேஜாவின் பேட்டிங், பீல்டிங், அணியின் சமநிலை என்று காரணம் சொன்னார்கள். 1971இல் வெங்கட்டுக்காகச் சொன்ன அதே காரணங்கள். பிரசன்னாவின் 20 டெஸ்ட்டில் 100 விக்கெட் என்ற இந்தியச் சாதனையை 2013இல் 18 டெஸ்ட்டில் முறியடித்தவர் அஸ்வின் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 ஜூனில் ஓவலில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம் நடந்தபோது தரவரிசையில் முதல் இடத்தில் இருந்த பந்துவீச்சாளர் அவர்; அன்றும் வெளியேதான் இருந்தார்.

நம் பக்கத்தில் எழுந்த கோபம் நியாயமானது. உலகின் சிறந்த பந்துவீச்சாளரை வெளியே வைத்துவிட்டு என்ன அணிச் சமநிலை என்று கேட்டோம். சரியான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியை 1971இல் பெங்களூர்க்காரர்கள் கேட்டபோது நாம் வடேகரின் பக்கம் நின்றோம். நம்மவர் உள்ளே இருக்கும்போது அணிச் சமநிலை பெரிதாகத் தெரிகிறது. நம்மவர் வெளியே இருக்கும்போது தனித் திறமை பெரிதாகத் தெரிகிறது. அளவுகோலை முதலில் எடுத்துவைத்து ஆளை அளப்பதில்லை. ஆளைத் தீர்மானித்துக்கொண்டு அளவுகோலைத் தேடுகிறோம். அஸ்வினுக்காக வருந்துகிறவர் பிரசன்னாவுக்காகவும் வருந்தியாக வேண்டும். அவர் இன்னொரு மாநிலத்துக்காரர் என்பதால் அந்தக் கோடை அவருக்குக் குறைவாக வலித்திருக்காது.

இது கிரிக்கெட்டோடு நிற்கும் வழக்கமல்ல. அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தில் 1941ஆம் ஆண்டைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் டெட் வில்லியம்ஸ் அந்த ஆண்டு .406 என்ற சராசரியில் அடித்தார், அதாவது பத்து வாய்ப்பில் நான்குக்கும் மேல். அதற்குப் பிறகு இன்றுவரை அந்தப் பெரிய லீக்குகளில் யாரும் ஒரு பருவம் முழுக்க .400ஐத் தொடவில்லை. நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஜோ டிமாஜியோ அதே ஆண்டு தொடர்ந்து 56 ஆட்டங்களில் அடி விடாமல் ஆடினார். சிறந்த ஆட்டக்காரர் விருது டிமாஜியோவுக்கு. 1947இல் வில்லியம்ஸ் முக்கியமான மூன்று பேட்டிங் பட்டியல்களிலும் முதலிடம் பிடித்தார். அப்போதும் விருது டிமாஜியோவுக்குத்தான், 202க்கு 201 என்று ஒரே ஒரு புள்ளியில்.

அந்த விருதுக்கு வாக்களிப்பவர்கள் பத்திரிகையாளர்கள். வில்லியம்ஸுக்கும் பாஸ்டன் பத்திரிகைகளுக்கும் ஆகாது; அவர் முகத்துக்கு நேரே பேசுவார், ரசிகர்களுக்குத் தொப்பியைத் தூக்கிக் காட்டமாட்டார். டிமாஜியோ அமைதியானவர், அழகாக ஓடுவார், அவர் இருந்த அணி ஒன்பது முறை உலகத் தொடரை வென்றது. வில்லியம்ஸின் அணி ஒருமுறைகூட வெல்லவில்லை. ஆகவே ஒருவர் அணிக்கு ஆடுபவர், மற்றவர் தனக்கு ஆடுபவர் என்று ஆயிற்று. அந்தத் தனக்கு ஆடுபவர், இரண்டாம் உலகப் போரில் மூன்று பருவங்களையும், பிறகு கொரியப் போரில் விமானியாக இன்னும் இரண்டு பருவங்களின் பெரும்பகுதியையும் இழந்தவர். புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கான நிதிக்காக ஆண்டுக்கணக்கில், பெரும்பாலும் சத்தமில்லாமல் உழைத்தவர். 1966இல் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்ட நாளில், தன்னைப் பற்றிப் பேசுவதோடு நில்லாமல், நிறவெறியால் பெரிய லீக்குகளில் ஆடவே விடப்படாத கறுப்பின வீரர்களுக்கும் அந்த மன்றத்தில் இடம் வேண்டும் என்று மேடையிலேயே கேட்டவர். தொப்பியைத் தூக்காததைப் பார்த்து அவர் மனதை அளந்தவர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. டிமாஜியோ பெரிய ஆட்டக்காரர்தான், அதில் ஐயமில்லை. ஆனால் அவர் அணி வென்றது அவருடைய குணத்தால், வில்லியம்ஸின் அணி தோற்றது அவருடைய குணத்தால் என்று சொல்ல யாருக்கும் ஆதாரம் இருந்ததில்லை.

இப்போது எங்கள் ஊருக்கே வருகிறேன். 2018 வரை புதுச்சேரி என்ற பெயரில் ரஞ்சி அணி இல்லை. அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த ஒன்பது அணிகளில் ஒன்றாக நாங்கள் உள்ளே வந்தோம். வில்லியனூர் கொம்யூனில், ஊசுட்டேரிக்குப் பக்கத்தில், துத்திப்பட்டில் நல்ல மைதானம் அமைந்தது. 2023இல் தியோதர் கோப்பை முழுவதும் புதுச்சேரியிலேயே நடந்தது. தொலைக்காட்சியில் மட்டும் பார்த்த முகங்களை ஊர்ப் பையன்கள் கம்பி வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். அது சின்ன விஷயமில்லை.

ஆனால் தொடக்கமே கசப்போடு இருந்தது. 2018 செப்டம்பரில், விஜய் ஹசாரே கோப்பை நடந்துகொண்டிருக்கும்போதே, புதுச்சேரிக்காகப் பதிவு செய்திருந்த எட்டு வீரர்களின் பதிவை இந்திய கிரிக்கெட் வாரியம் ரத்து செய்தது. வெளி மாநிலத்திலிருந்து வந்தவர்களுக்கான தகுதி விதியில் வந்த சிக்கல். விதிப்படி வரும் விருந்தினர் வீரர்கள் வேறு. அபிஷேக் நாயர், பங்கஜ் சிங், பாரஸ் தோக்ரா, வினய் குமார் என்று பெரிய பெயர்கள் அப்படி வந்து ஆடினார்கள். தோக்ரா சிக்கிமுக்கு எதிராக இரட்டைச் சதம் அடித்தார். 2024 ஜனவரியில் தில்லியில் போய் தில்லியையே ஒன்பது விக்கெட்டில் வென்றோம். மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த கௌரவ் யாதவ் முதல் இன்னிங்ஸில் 49 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். அந்தத் தோல்விக்குப் பிறகு தில்லி தன் தலைவரையே மாற்றியது. ரஞ்சியில் ஆறு வயதுகூட நிரம்பாத ஓர் அணிக்கு இதைவிடப் பெரிய நாள் வேறு இருக்க முடியாது.

அந்த வெற்றியைக் கொண்டாடிய அதே வாய்கள் இன்னொன்றையும் சொல்லும்: காசுக்கு வந்தவர்கள், நம் பையன்களின் இடத்தில் ஆடுகிறார்கள் என்று. மறுபக்கம், நம் பையன்களுக்கு அந்தத் தரம் இல்லை, கூப்பிட்டால் பயந்துவிடுவார்கள் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே குணத்தைப் பற்றிய பேச்சு. இரண்டுமே நியாயமில்லாதவை என்று எனக்குத் தோன்றுகிறது. விருந்தினராக வருபவர் தன் சொந்த மாநிலத்தில் பல பருவங்கள் ஆடித் தேய்ந்து, அங்கே இடம் இறுகியபோது வேறு வாசல் தேடி வருகிறார். கூலிக்கு வேலை செய்வது இழுக்கு என்று எங்கள் ஊரில் வேறு எந்தத் தொழிலிலும் யாரும் சொல்வதில்லை. வாங்கிய கூலிக்கு 49 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்துக் கொடுத்தவரை எந்த வாயால் குறை சொல்வது? ஊர்ப் பையனோ பத்தாயிரம் பந்து கார்க் பந்தில் வீச வேண்டிய வயதில் டென்னிஸ் பந்தில் வீசியிருக்கிறான். டென்னிஸ் பந்து கார்க் பந்துபோலச் சுழலாது, ஸ்விங் ஆகாது. வேகமும் யார்க்கரும்தான் அதில் செல்லும். பாகூரிலிருந்து துத்திப்பட்டு மைதானத்துக்குப் போக அவன் புதுச்சேரி பஸ் நிலையத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். பள்ளி முடிந்து போய்ச் சேர்வதற்குள் பயிற்சி பாதி முடிந்திருக்கும். இவனையும் அவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, யாருக்கு மதிப்பு அதிகம் என்று கேட்டால் பதில் வரும். ஆனால் அந்தப் பதில் இருவரில் யாரைப் பற்றியதும் அல்ல, பாதையைப் பற்றியது.

வெளி ஆள் யார் என்பதும் எங்களுக்குச் சிக்கலான கேள்விதான். பாகூர் கொம்யூனின் தெற்கு எல்லையில் தென்பெண்ணை. அக்கரையில் கடலூர் மாவட்டம். சோரியாங்குப்பத்துக் கரையிலிருந்து கூப்பிட்டால் எதிர்க்கரைக்குக் கேட்கும். பொங்கல் போட்டியில் இரு கரைப் பையன்களும் ஒரே சட்டை போட்டு ஆடுவார்கள். பெண் கொடுத்து எடுத்த உறவுகள். மாநில அணித் தேர்வு என்று வந்தால் ஒருவன் உள்ளூர், மற்றவன் வெளியூர். ஊர்ப் போட்டியில் மாமன் மகனாக இருந்தவன் விண்ணப்பப் படிவத்தில் அந்நியனாகிறான். யாருக்காக ஆடுகிறான் என்பதை வைத்து ஒருவனின் விசுவாசத்தை எடைபோடுகிறவர்கள் இந்த ஆற்றங்கரைக்கு வந்து ஒரு மாலை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக் கேப்டன்களிடமும் தேர்வுக்கு உட்காரும் பெரியவர்களிடமும் ஒன்று கேட்க விரும்புகிறேன். 'கட்டிப் போடுறவன்' என்று பேர் வாங்கிய பையனுக்கு இரண்டு ஆட்டத்துக்காவது ஸ்லிப்பும் ஷார்ட் லெக்கும் வைத்துக் கொடுத்துப் பாருங்கள். அவன் எப்போதும் எல்லைக்கோட்டில் ஐந்து பேரை நிறுத்தித்தான் வீசியிருக்கிறான். 'நம்ப முடியாதவன்' என்று பேர் வாங்கியவனுக்குக் கடைசி ஓவரைக் கொடுத்து, தோற்றால் அவனைத் திட்டாமல் இருந்து பாருங்கள். கேட்ச் பிடித்தவன் பெயரை நோட்டில் எழுதுங்கள், விட்டவன் பெயரையும் எழுதுங்கள். இவ்வளவும் செய்த பிறகு சொல்லும் தீர்ப்பு ஒருவேளை பழைய தீர்ப்பாகவே இருக்கலாம். இருக்கட்டும். அப்போது அது பார்த்துச் சொன்னதாக இருக்கும்.

ஏன் இதைக் கேட்கிறேன் என்றால், வெங்கட்டின் கணக்கில் 1965 மார்ச்சில் ஒரு வரி இருக்கிறது. தில்லியில் நியூசிலாந்துக்கு எதிராக, அவருக்கு இன்னும் இருபது வயது நிறையவில்லை. அடைத்துவைக்கும் வேலையை அப்போது யாரும் அவருக்குக் கொடுத்திருக்கவில்லை. முதல் இன்னிங்ஸில் 72 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்தார். ஆட்டம் முழுக்க 12. அடுத்த பதினெட்டு ஆண்டுகளில், 1983 வரை ஆடிய மற்ற டெஸ்ட்டுகள் எதிலும் ஓர் இன்னிங்ஸில் எட்டு விக்கெட் எடுக்கும் வாய்ப்பு அவருக்கு மறுபடி வரவில்லை.